நான்கை ஆறாக உயர்த்திய ஆணை

தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பதை இனி ஹாஸ்கல் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல்தான் தீர்மானிக்கும் என்று குடிநீர் வாரிய இயக்குநர் உத்தரவிட்டார். ஏதோ ஒரு மாநாட்டில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார். அந்த மொழியில் எழுதியதில் தப்பு இருந்தால், நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் பில்டே ஆகாது என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். பில்ட் ஆகிவிட்டால் தப்பே இல்லை என்று மீதியை இவரே முடித்துக்கொண்டார். தினமும் காலையில் பில்ட் செய்துவிட்டுத்தான் லாரியை அனுப்ப வேண்டும் என்பதும் அவர் ஏற்பாடுதான்.

நிரலை எழுதிய பெண்ணின் தெருவில் பல நாளாகத் தண்ணீர் இல்லை. அந்த வேகத்தில் எழுதி முடித்தாள். ஆனால் பில்ட் நின்றுவிட்டது. வரைபடம் பார்க்க, ஹாஸ்கலுக்கு வெளியே சி மொழியில் யாரோ எழுதிவைத்த ஒரு லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு, தேவை. அதிலும் ஆறாம் பதிப்பு தேவை. அலுவலகக் கணினியில் இருந்ததோ நான்கு.

கணினிப் பராமரிப்புப் பிரிவின் தலைவர் கையை விரித்தார். "நாலு பழகினதும்மா. ஆறு இப்பதான் வந்திருக்கு. கொஞ்சம் பழசாகட்டும், போட்டுடலாம்."

இயக்குநரிடம் போனாள்.

"நாலுதான் இருக்குன்னு பில்டுக்கு யார் சொல்றது?"

"லைப்ரரி பக்கத்துலயே ஒரு சின்ன ஃபைல் இருக்கு சார். அதுல இருக்கிற நம்பரைப் படிச்சுக்கும்."

"அதுல ஆறுன்னு எழுது."

"உள்ள இருக்கிறது நாலுதானே சார்?"

"உள்ள போய்ப் பாக்குமா?"

"பாக்காது சார்."

"அப்புறம் நீ மட்டும் ஏம்மா பாக்கறே?"

அன்று மாலையே ஆணை வெளியானது: 'மேற்படி லைப்ரரி நீண்டகாலம் புகாருக்கு இடமின்றிப் பணியாற்றியுள்ளதைக் கருத்திற்கொண்டு, நான்காம் பதிப்பிலிருந்து ஆறாம் பதிப்பாகப் பதவி உயர்வு அளிக்கப்படுகிறது.' இடையில் ஐந்தைத் தாண்டியது விதிமீறல் என்று தணிக்கைப் பிரிவு ஆட்சேபித்தது. மறுநாள் சாப்பாட்டு இடைவேளை வரை ஐந்தாக வைத்திருந்து அதையும் சரிக்கட்டினார்கள்.

பில்ட் பிரமாதமாக ஆனது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஒரு தெரு எங்கே இருக்கிறது என்று சொல்ல இரண்டு எண்கள் வேண்டும். ஆறாம் பதிப்பு வடக்கு தெற்கு எண்ணை முதலில் கேட்கும். நான்காம் பதிப்பு கிழக்கு மேற்கு எண்ணை. நிரல் ஆறிடம் பேசுவதாக நினைத்துச் சொன்னது. நான்கு தன் வழக்கப்படி மாற்றிக் கேட்டுக்கொண்டது.

லாரி ஓட்டுநர் போன் செய்தார். "மேடம், எதிர்ல கடல்தான் இருக்கு. இறக்கிடவா?"

அவள் இயக்குநரைப் பார்த்தாள்.

"பில்ட்ல எரர் வந்துச்சா?"

"இல்ல சார்."

"அப்ப இறக்கச் சொல்லு."

கடலுக்கு நல்ல தண்ணீர் கிடைத்தது. தெருக்காரர்களுக்கு, 'உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வழங்கப்பட்டது' என்று போனில் செய்தி கிடைத்தது.

அவளுக்குப் பொறுக்கவில்லை. ஃபைலில் மறுபடி நான்கு என்று எழுதிவைத்தாள். மறுநாள் பில்ட் நின்றது, லாரியும் நின்றது. அவள் தெருவே வாளிகளோடு அலுவலக வாசலுக்கு வந்துவிட்டது. முன்னால் நின்றது அவள் மாமியார்.

"நேத்து தண்ணி வந்துச்சுன்னு மெசேஜாவது வந்துச்சு. இன்னைக்கு அதுவும் இல்ல. உன் வேலைதானாமே?"

"அந்தத் தண்ணி கடலுக்குப் போச்சு அத்தை."

"எங்க போனா என்ன? கணக்குல நமக்குத்தானே வந்துச்சு?"

பின்னாலிருந்தவர்களும் அதையேதான் கேட்டார்கள். அவள் உள்ளே போய் ஆறு என்று எழுதினாள்.

சற்று நேரத்தில் வாசலில் போன்கள் ஒலித்தன. எல்லோரும் படித்துப் பார்த்தார்கள். முகம் மலர்ந்தது. வாளிகளைத் தூக்கிக்கொண்டு, வழியில் சிந்திவிடாமல் பார்த்து நடந்து வீட்டுக்குப் போனார்கள்.