கேட்க ஆளில்லாத பாஸ்போர்ட்

தமிழர்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். பாஸ்போர்ட்டை எங்கே ஒளித்து வைத்தோம் என்று வீட்டைத் தலைகீழாக்கித் தேடுகிறவர்கள் ஒரு வகை. எங்கள் பாஸ்போர்ட்டார் இன்னொரு வகை. உலகம் முழுக்கச் சல்லடை போட்டாலும் அந்த இரண்டாம் வகையில் அவர் ஒருவர்தான் தேறுவார்.

தொண்ணூறுகளில் ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பேயில் எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு மரவேலி. யாழ்ப்பாணத்துக்காரர். மனுகாவில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் வேலை. நியூசிலாந்துக் குடியுரிமை கிடைத்து, கருநீல அட்டை போட்ட பாஸ்போர்ட் கைக்கு வந்த நாளிலிருந்து அவருடைய சொந்தப் பெயரை அவர் மனைவியே மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். சட்டைப்பையில் பாஸ்போர்ட் இல்லாமல் அவர் குப்பைத்தொட்டியை வாசலுக்குத் தள்ளி வந்துகூட நான் பார்த்ததில்லை. குளிக்கும்போது எங்கே வைப்பார் என்று அக்காவிடம், அதாவது அவர் மனைவியிடம், ஒருமுறை கேட்டேன்.

"சவர்க்காரத்துக்குப் பக்கத்தில. பிளாஸ்டிக் பையில சுத்தி" என்றார் அக்கா. சிரிக்கவேயில்லை.

வைத்திருந்தால் மட்டும் போதாதே, யாராவது கேட்க வேண்டுமே! அங்கேதான் ஆக்லாந்து அவரைக் கைவிட்டது. பால், ரொட்டி, பேப்பர் விற்கும் தெருமுனைக் கடையை இந்த ஊரில் டெய்ரி என்பார்கள். அங்கே பால் வாங்கப் போனால் காசோடு சேர்த்துப் பாஸ்போர்ட்டையும் மேசைமேல் வைப்பார். கடைக்கார குஜராத்திப் பெரியவர் அதை ஓரமாக நகர்த்திவிட்டு, "இன்றைக்கு ரொட்டி வேண்டாமா?" என்பார். நூலகத்தில் சேரப் போனார். அங்கிருந்த பெண் கரண்ட் பில் கேட்டாள்.

"தம்பி, மகாராணி தன்ர பேரில, இந்த ஆளை மறிக்காமல் விடுங்கோ எண்டு எழுதித் தந்த புத்தகம் கையில இருக்கு. அவள் கரண்ட் பில்லைக் கேக்கிறாள்! கரண்ட் பில்லில என்ர படம் இருக்கோ?"

"இல்லண்ணே."

"பிறகு?"

பிறகென்ன, பில்லைக் காட்டித்தான் கார்டு வாங்கினார். ஒரு வாரம் அந்த நூலகப் பக்கமே திரும்பவில்லை.

நான் இதற்கு நேர் எதிர். என்னிடம் அப்போது இந்தியப் பாஸ்போர்ட். விசா, நிரந்தரக் குடியிருப்பு எல்லாம் கண்ணாடி மாதிரி சுத்தம். ஆனால் அந்தச் செய்தி என் நெஞ்சுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. தொப்பி வைத்த யாரைக் கண்டாலும் உள்ளங்கை வியர்க்கும். ஒருநாள் திடீரென்று எதிரே வந்த தபால்காரருக்கு "குட் மார்னிங்" சொல்லிக் கையைத் தூக்கினேன். இரண்டு கையையும்.

அப்படிப்பட்டவன் தினமும் அவர் காரில் வேலைக்குப் போனேன். ஒரு காலையில் பின்னால் போலீஸ் கார். கண்ணாடியில் பார்த்த பாஸ்போர்ட்டார் முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது. வண்டியை ஊர விட்டார்.

"அண்ணே, ஏன் உருட்டுறீங்க? சந்தேகப்படப் போறாங்க!"

"படட்டும் தம்பி. அதுக்குத்தானே."

விளக்கு சுழன்றது. ஓரங்கட்டினோம். போலீஸ்காரர் குனிவதற்குள் பாஸ்போர்ட் ஜன்னலுக்கு வெளியே அரை முழம் நீண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. "இடது பக்கப் பின்விளக்கு எரியவில்லை, மாற்றிவிடுங்கள். நோ வொரீஸ்" என்று காரின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார். நான் இருக்கையில் இல்லை. கால் வைக்கும் பள்ளத்திலிருந்து என்னை வாரி எடுக்க வேண்டியிருந்தது.

பாஸ்போர்ட்டார் வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என்னட்டை ஒருத்தன்தான் தம்பி ஒழுங்காப் பாஸ்போட் கேட்டவன். பெர்லின்ல. அப்ப அது ரெண்டாக் கிடந்தது. கிழக்குப் பக்கம் ஸ்டேசனோட ஒரு கண்ணாடிக் கட்டிடம். அதுக்குள்ளால போனா அங்கால மேற்கு. எனக்கு முதல் வந்த பெடியள் எல்லாம் அதால போயிட்டாங்கள். நான் போய் நிக்கிற நேரம் சட்டத்தை மாத்திப்போட்டினம். என்ர இலங்கைப் பாஸ்போட்டை வாங்கினவன், முகத்தைப் பாத்தான், மூடித் திருப்பித் தந்தான். ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. அப்பிடியே கொழும்புக்கு ஏத்தி விட்டிட்டாங்கள்."

"கொழும்புல கேக்கலையா?"

"அங்க கேட்டதைக் கேள்வி எண்டு சொல்லேலாது."

ஜன்னலில் நீட்டிய பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் திருப்பி வைத்தார்.

"ஒருக்கா அந்த இடத்தில போய் நிக்கோணும். ஒருத்தன் கேக்கோணும். நான் குடுக்கோணும். அவன் பாத்திட்டு, 'போ' எண்டு சொல்லோணும். வேற ஒண்டும் வேண்டாம்."

சொன்னதோடு நிற்கவில்லை. லண்டனில் தொடங்கிப் பெர்லினில் முடியும் ஒரு பஸ் சுற்றுலாவுக்குப் பதிந்துவிட்டு வந்தார். அன்று மாலையே அக்கா எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்தார்.

"இந்த மனிசன் தனியப் போனா வில்லங்கத்தில மாட்டும். உங்கட இவரும் கூடப் போனால் நல்லம்."

"இவரா? இவரு எஸ்கலேட்டர்லயே கண்ண மூடிக்குவாரு, அக்கா" என்றாள் என் மனைவி.

"ஓம், அதுதான் வேணும். பயந்த ஆள் பக்கத்தில நிண்டால் அவர் கொஞ்சம் அடங்குவார்."

காருக்கு பிரேக் மாட்டுகிற மாதிரி அவருக்கு என்னை மாட்டி அனுப்பிவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அவருக்கு ஒரு நாட்டுக்கும் விசா தேவையில்லை. எனக்கு எல்லா நாட்டுக்கும் தேவை. விசா குத்திய பாஸ்போர்ட்டை வைக்க என் மனைவி ஒரு துணிப்பை தைத்து, சட்டைக்கும் பனியனுக்கும் உள்ளே என் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். மூன்று முடிச்சு. தாலிக்குப் போட்டதைவிட இறுக்கம்.

லண்டன் விமான நிலையத்தில் அவர் பாஸ்போர்ட்டைத் திறந்து, பார்த்து, முத்திரை குத்தினார்கள்.

"திருப்தியா அண்ணே?"

"லண்டன்காரன் என்னைத் திருப்பி அனுப்பினவனே? இது சும்மா."

ஹாலந்திலிருந்து ஜெர்மனிக்குள் பஸ் நுழைகிறபோது விடியத் தொடங்கியிருந்தது. எல்லையில் பழைய சுங்கச் சாவடி. திரைச்சீலை போட்டுப் பூட்டிக் கிடந்தது. அந்த நாடுகளுக்கு நடுவே சோதனையை எடுத்துவிட்டார்களாம்; யாருமில்லை. பஸ் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. பாஸ்போர்ட்டார் விழித்துப் பார்த்தார், புரிந்துகொண்டார், முன்னே பாய்ந்தார்.

"ஸ்டொப்! ஸ்டொப்! பாஸ்போட்! பாஸ்போட்!"

டிரைவர் பதறிப்போய் வண்டியை ஓரம் கட்டினார். பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று பஸ் முழுக்கச் செய்தி பரவியது. வெள்ளைக்காரப் பாட்டிமார் சீட்டுக்கடியில் தவழ்ந்து தேடினார்கள். ஒரு தாத்தா குப்பைக்கூடையைக் கவிழ்த்தார். இத்தனைக்கும் நடுவே பாஸ்போர்ட்டைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி நின்றார் எங்கள் ஆள். பிரேக்காகிய நான் அவசரமாகக் கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டேன்.

பெர்லினில் எங்களை நடத்திக் காட்ட வந்தவன் ஓர் ஒட்டகச்சிவிங்கி. கல்லூரி மாணவனாம். குச்சியில் மஞ்சள் துணி கட்டி உயரத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனான். திரும்பிய பக்கமெல்லாம் கிரேன்; ஊரையே புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் கண்கள் அந்த மஞ்சள் துணியை விட்டு அகலவில்லை. இந்த ஊரில் தொலைந்தால் எனக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன் வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஆக்லாந்து வந்து சேர வேண்டும். அந்த வார்த்தை "உருளைக்கிழங்கு."

பெரிய வாசலைக் காட்டினான். எல்லாரும் படம் எடுத்தார்கள். பாஸ்போர்ட்டார் கேட்டார்: "பாஸ்போட் செக்கிங் எங்கே?" சுவர் நின்ற இடத்தில் தரையில் பதித்த கல்லைக் காட்டினான். "செக்கிங் இங்கேயா?" அரண்மனை, தேவாலயம், நதிப் பாலம். "செக்கிங்?" வாழ்நாளில் இப்படி ஒரு சரித்திர ஆர்வலரைச் சந்தித்ததில்லை என்று ஒட்டகச்சிவிங்கிக்கு ஒரே பூரிப்பு. இன்னும் வேகமாக நடந்தான்.

கடைசியில் அந்த ஸ்டேஷன். பக்கத்தில் கண்ணாடிக் கட்டடம். பாஸ்போர்ட்டார் சட்டைக் காலர் பித்தானைப் போட்டார். நடை மாறிவிட்டது.

உள்ளே அடுக்கிய நாற்காலிகள், சுவரில் பாட்டுக் கச்சேரி விளம்பரம். ஓர் அம்மாள் தரை துடைத்துக்கொண்டிருந்தார். கைடு சொன்னான்: "மேற்கே போகிறவர்களும் கிழக்கில் தங்கியவர்களும் அழுதுகொண்டே பிரிந்த இடம் இது. இப்போது சாயங்காலமானால் ஆட்டம், பாட்டு."

"இப்ப இங்கை ஆர் பாஸ்போட் பாக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் பாஸ்போர்ட்டார்.

"ஒருத்தரும் இல்லை!" என்று கையை விரித்தான் கைடு. "எவ்வளவு அருமை, இல்லையா?"

கூட்டம் கைதட்டியது. உலகத்தில் அந்தச் செய்தியைக் கேட்டு முகம் வாடிய ஒரே மனிதர் என் பக்கத்தில் நின்றார்.

மஞ்சள் துணி வாசலைத் தாண்டியது.

"அண்ணே, வாங்க, போறாங்க!"

"நீர் போம்."

"நான் மட்டும் எங்கண்ணே போறது? எனக்கு உருளைக்கிழங்கு மட்டுந்தான் தெரியும்!"

அவர் வாசலில் வழியை மறித்துக்கொண்டு நின்றார். மஞ்சள் துணி தெருக்கோடியில் மறைந்தது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு போலீஸ்காரர். இளைஞர். எங்களைப் பார்த்தார். வந்தார்.

பாஸ்போர்ட்டார் நெஞ்சை நிமிர்த்தினார். கை சட்டைப்பைக்குப் போனது. போலீஸ்காரர் அவரைப் பார்த்தார், தலை முதல் கால் வரை வியர்வையில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார், சொன்னார்:

"பாஸ்போர்ட், ப்ளீஸ்." என்னிடம்.

நடுத்தெருவில் பெல்ட்டைத் தளர்த்தினேன். சட்டையை வெளியே இழுத்தேன். பனியனைத் தூக்கினேன். முதல் முடிச்சு அவிழ்ந்தது. இரண்டாவது அவிழ மறுத்தது. போலீஸ்காரர் நாகரிகமாக வானத்தைப் பார்த்தார். ஒரு டிராம் நின்று பார்த்துவிட்டுப் போனது. கடைசியில் பல்லால்தான் கடிக்க வேண்டும் என்ற நிலையில், வயிற்றை எக்கி, பையையே திருகிப் பிய்த்துக் கொடுத்தேன். ஒவ்வொரு விசாவாகப் பார்த்தார். சரி என்று திருப்பித் தந்தார்.

"மீ ஓல்சோ!" என்று தன்னுடையதை நீட்டினார் பாஸ்போர்ட்டார்.

அட்டையைப் பார்த்ததும் போலீஸ்காரர் முகம் மலர்ந்தது. "ஓ, நியூசிலாந்து! அழகான நாடு. நல்ல ரக்பி!" தோளில் தட்டினார். போயே போய்விட்டார்.

பாஸ்போர்ட்டாரின் கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தது.

"திறந்தும் பாக்கேல்லை, தம்பி."

"நீங்க அதிர்ஷ்டக்காரர்ணே. என்னைப் பாருங்க, தெருவுல தொப்புளைக் காட்டிட்டு நிக்கிறேன்."

வழக்கமாக இதற்குச் சிரிப்பார். சிரிக்கவில்லை. கண்ணாடியில் கைவைத்து அந்தக் காலி மண்டபத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆக்லாந்துக்கு இதே முகத்தோடு திரும்பி, அடுத்த நாள் காலையில் வாளிக் கம்பெனிக்குப் போய்விடுவார் என்று தோன்றியது. பயத்தையும் மீறி எனக்கு ஏதோ செய்தது.

உள்ளே வாசலருகில் டிக்கெட் விற்கும் மேசை ஒன்று கிடந்தது. போனேன். அதன் பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அனுமதியில்லாமல் அந்நிய நாட்டு நாற்காலியில் உட்காருவது எந்தச் சட்டத்தின்கீழ் எத்தனை வருடம் என்று மனசு கணக்குப் போட்டது. தரை துடைத்த அம்மாள் துடைப்பதை நிறுத்திவிட்டு முறைத்தார். இருந்தாலும் குரலைக் கனமாக்கிக்கொண்டேன்.

"பாஸ்போர்ட், ப்ளீஸ்."

திரும்பினார். "பகிடி விடாதையும் காணும்."

"பாஸ்போர்ட்."

என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. மெதுவாக வந்து மேசைக்கு முன்னால் நேராக நின்றார். தலைமுடியை ஒருமுறை கையால் படிய வைத்தார். பாஸ்போர்ட்டை மேசைமேல் வைத்தார்.

திறந்தேன். படத்தைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன். பிறகு இன்னொரு முறை, அவசரமில்லாமல்.

"எங்கேயிருந்து வர்றீங்க?"

"நியூசிலாந்து. ஓக்லண்ட். பிளாக்ஹவுஸ் பே."

"எதுக்காக வந்தீங்க?"

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்விக்கு மட்டும் அவர் பதில் தயார் செய்து வைத்திருக்கவில்லை போலிருக்கிறது. மண்டபத்தின் மறுகோடியில், மேற்கே போகிறவர்களுக்கான பழைய கதவைப் பார்த்தார்.

"போறதுக்கு" என்றார்.

தரை துடைத்த அம்மாள் என்ன புரிந்துகொண்டாரோ, வாளியை ஓரமாக நகர்த்தி அந்தப் பக்கக் கதவுக்கு வழி விட்டார்.

"எல்லாம் சரியா இருக்கு. போகலாம்" என்றேன்.

எத்தனையோ நாட்டு அதிகாரிகளிடம் நான் பாஸ்போர்ட்டை நீட்டிவிட்டு நடுங்கி நின்றிருக்கிறேன். அவர்களில் யாரும் எழுந்ததில்லை. நான் எழுந்து நின்று, இரண்டு கையாலும் அதை அவரிடம் கொடுத்தேன்.