டாலர் குறியோடு பத்தொன்பது போர்கள்

வாழ்க பிழைதிருத்தும் பெருந்தகை! முற்றுப்புள்ளி ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் மூன்று மேசைக்கு அப்பாலிருந்தே மோப்பம் பிடிக்கும் கூர்விழியான், காற்புள்ளிகளின் காவலன், ஒற்றெழுத்துகளின் உற்றதுணை, வாழ்க, வாழ்க! அவன் நானே ஆதலால் இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அன்று நண்பகல், இயன்முறை மருத்துவராகிய என் இல்லத்தரசியின் மடிக்கணினி, படங்களும் பொத்தான்களும் மாய்ந்தொழிய, கரிய திரையொன்றை மட்டும் காட்டி நின்றது. மூன்று மணிக்கு அவள் நூறு செவிலியர் முன் உரையாற்ற வேண்டும். முதுகுத்தண்டுப் படங்கள் அத்தனையும் அந்த இருட்டுக்குள்.

"நீ கிளம்புற வழியப் பாரு. இதெல்லாம் எனக்குத் தூசு!" என்று முழங்கினேன்.

படங்களைப் பென்டிரைவுக்கு மாற்றும் கட்டளையை, மென்பொருள் வல்லுநனாகிய மைத்துனன் ஒரே வரியில் அனுப்பியிருந்தான். அவ்வரியின் தலையில் ஒரு டாலர் குறி. திரையிலும் ஏற்கெனவே ஒரு டாலர் குறி. அதனருகே, வாளை ஓங்குவதும் தாழ்த்துவதுமான வாயிற்காவலன்போல் இமைத்துக்கொண்டிருந்தது ஒரு சிறுகோடு. மூலப்படியில் உள்ளதை ஓரெழுத்தும் விடாது ஏற்றுவதே என் தொழில்தர்மம் ஆதலின், டாலரையும் சேர்த்தே அடித்தேன். அப்படியொரு கட்டளையே இல்லை என்றது திரை. சினவேங்கையெனச் சீறி, இடைவெளி விட்டும் விடாமலும், ஒரு டாலராகவும் இரு டாலராகவும், நெற்றி வியர்வை அருவியாய் இழிய, ஆட்காட்டி விரலாகிய வேலை ஓங்கி ஓங்கி எறிந்து, பத்தொன்பது முறை படையெடுத்துப் பத்தொன்பது முறையும் புறமுதுகிட்டேன்.

மணி இரண்டே கால். செருப்பை மாட்டிக்கொண்டே "ஆச்சாங்க?" என்றாள். குரலில் கோபமில்லை, நடுக்கம் இருந்தது. அதுதான் என்னை வீழ்த்தியது. வீரம் துறந்து மைத்துனனுக்குப் போன் செய்து, அடித்ததை டாலர் முதலாக எழுத்தெழுத்தாய் ஒப்பித்தேன்.

"மாமா, அந்த டாலர நீங்க ஏன் அடிக்கிறீங்க? அது கம்ப்யூட்டரே போடுறது. 'நான் ரெடி, சொல்லுங்க'ன்னு அர்த்தம். அதுக்கப்புறம் இருக்கறத மட்டும் அடிங்க."

அந்தோ! சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று வாய்பொத்திக் காத்துநின்ற ஏவலனையா பகைவனென்று எண்ணிப் பொருதேன்! எஞ்சிய வரியை அடித்தேன். வெற்றிமுரசம் அதிருமெனச் செவிதீட்டி நின்றேன். முரசுமில்லை, முழக்கமுமில்லை, சற்றே மௌனம், பின் அதே டாலர், அதே கோடு.

"முடிஞ்சுது மாமா. வேலை சரியா நடந்தா அது ஒண்ணும் பேசாது," என்றான்.

அவள் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கி ஓடினாள். வாகை சூடுவதா, நாணித் தலைகவிழ்வதா என்று தெளியாமல், ஆரவாரம் அடங்கிய களத்தில் தன்னந்தனியனாய், கைபேசியையே உற்றுநோக்கி வீற்றிருந்தான் கூர்விழியான்.

நாலு மணிக்கு, 'படமெல்லாம் நல்லா வந்துச்சு, வரும்போது முட்டை வாங்கிட்டு வரவா?' என்று மெசேஜ் வந்தது.