நான் துடைத்த ஜூலை மாசம்

வெட்கப்படுகிறவர்களைத்தான் பெரிய பெரிய அவமானங்கள் தேடிக்கொண்டு வரும். வாயாடிகள் எதையாவது பேசித் தப்பித்துவிடுவார்கள். என் மாதிரி ஆள் வாயைத் திறக்காமலே மாட்டிக்கொள்வாள்.

நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். ஆறாவதுக்கு பஸ் ஏறி மந்தாரக்குப்பம் போகணும் என்றார்கள். பஸ்ஸில் கண்டக்டர் "எங்க போவணும்?" என்று கேட்பாரே, நாலு பேர் நடுவில் அதற்குப் பதில் சொல்லணுமே என்று பயந்து படிப்பையே விட்டேன். (சிரிக்காதீர்கள். அந்த பஸ்ஸில் நிஜமாகவே கூட்டம் அதிகம்.) இருந்தாலும் 'அஞ்சாவது பாஸ்' என்பதில் உள்ளுக்குள் எனக்கொரு கெத்து. எங்கள் வீட்டுக்காரர் நாலாவது ஃபெயில். அவர் இருந்தவரை அந்த ஒன்றை வைத்துத்தான் நான் குடும்பமே நடத்தினேன்.

அந்தக் கெத்தும் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

என் மகனுக்கு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். எங்களுடையது மாடி வீடு. கீழ் வீட்டில் இலக்கியா என்று ஒரு பெண். அப்பாவுக்கு நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட். அம்மா நர்ஸ், அவளுக்கும் ஷிப்ட். ஒருவர் வரும்போது இன்னொருவர் கிளம்பியிருப்பார். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் பெண் நேராக மாடியேறி என்னிடம் வந்துவிடும். நான் சொந்தப் பாட்டி இல்லை. ஆனாலும் 'ஆயா' என்றுதான் கூப்பிடுவாள். அப்போது அவள் ஐந்தாம் வகுப்பு.

ஐந்தாவதுதானே, நமக்குத் தெரியாததா என்று தைரியமாக இருந்தேன். எங்கள் காலத்து ஐந்தாவது வேறு, இந்த ஐந்தாவது வேறு என்று ஜூன் மாதமே தெரிந்துபோயிற்று. இவர்கள் படிப்பதைப் புத்தகத்தோடு விடுவதில்லை, வீட்டில் இருக்கிறவர்கள் மேலேயே செய்து பார்க்கிறார்கள். நீள அளவு நடத்தினார்கள் என்று என்னைச் சுவரோடு நிற்க வைத்து அளந்தாள். "ஆயா, நீங்க நம்ம ஃப்ரிட்ஜை விடக் குட்டை" என்றாள். பின்னம் நடத்தியபோது என் தோசையை எட்டாக வெட்டி, "எட்டில் மூணு உங்களுக்கு" என்று தள்ளிவிட்டாள். பின்னம் முடிகிறவரை நான் அரைவயிறு. அப்புறம் கோணம் வந்தது. நான் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தால் பின்னால் நின்று, "ஆயா, அசையாதீங்க, செங்கோணம்!" என்பாள். நான் விளக்குமாற்றோடு அப்படியே நிற்பேன். (நிமிர்ந்தால் விரிகோணமாம்.)

வரைபடம் நடத்தியபோது மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்க ஊரு எங்க ஆயா இருக்கு?" என்று கேட்டாள். கம்மாபுரம் பக்கம் என்று விரலை வைத்துக் காட்டினேன்.

"இங்க மைன்ஸ்தானே இருக்கு?"

"அதுக்குள்ளாறதாம்மா இருந்துச்சு. ஊரோட தோண்டிட்டாங்க."

"அப்ப ஊருன்னு போடவா, பள்ளம்னு போடவா?"

ஐந்தாவது பாஸ் விரல் அங்கேயே நின்றது. அவளே பென்சிலைக் கடித்து யோசித்து, பள்ளத்தைக் கறுப்பாக அடித்து, நடுவில் ஒரு குட்டி வீடு போட்டாள். மிஸ் அதைத் தப்பு என்று சுழித்து அனுப்பிவிட்டார்கள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் அவளுடைய ப்ராஜெக்ட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பால்கனிக் கைப்பிடிச் சுவரின் மூலையில் ஒரு வெள்ளை டைல்ஸ் துண்டை வைப்பாள். அதன் மேல் தேங்காய் எண்ணெயை லேசாகத் தடவுவாள். மாதம் முடிந்ததும் அதை எடுத்து ஒரு மூடி போட்ட டப்பாவில் பத்திரப்படுத்திவிட்டு, அடுத்த துண்டை வைப்பாள். "இந்த மூலைய மட்டும் தொடாதீங்க ஆயா" என்று கண்டிப்பான உத்தரவு.

இந்த ஊரில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று தெரியும். இங்கே காலையில் ஒரு தரம் துடைக்கணும், சாயங்காலம் ஒரு தரம் துடைக்கணும். நடுவில் சும்மா இருந்தாலும் கை தானாக எதையாவது துடைத்துக்கொண்டிருக்கும். ஜன்னல் கம்பி, டி.வி. தலை, சாமி படம், தூங்குகிற மனுஷன் என்று பார்க்காது. அப்படிப்பட்டவள் ஒரு வருஷமாக அந்த மூலையைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

எதற்கு இந்த டைல்ஸ் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஐந்தாவது பாஸ் பண்ணினவள் ஐந்தாவது படிக்கிறவளிடம் போய்க் கேட்பதா? வெயில் மழையில் டைல்ஸ் வெடிக்கிறதா என்று பார்க்கிறாள் போல, என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

மார்ச்சில் கண்காட்சி வந்தது. வருஷம் முழுக்கப் படித்ததிலிருந்து ஆளுக்கு ஒன்று செய்து வைக்கணும். தேர்வானவர்களை வேனில் கடலூருக்குப் பெரிய கண்காட்சிக்கு அழைத்துப் போவார்கள். இலக்கியா அதற்கு எந்த கவுன் போடுவது என்பது வரைக்கும் முடிவு செய்து வைத்திருந்தாள். முதல் நாள் சாயங்காலம் டைல்ஸ் எல்லாவற்றையும் டப்பாவிலிருந்து எடுத்து, என் கட்டில் மேல் வரிசையாக அடுக்கிவிட்டு, லேபிள் எழுத ஸ்கெட்ச் பேனா வாங்கக் கடைக்கு ஓடினாள்.

நான் பார்த்தேன். ஐயோ, என்ன அழுக்கு! ஒன்று சாம்பல் நிறம், ஒன்று பழுப்பு, ஒன்றில் வேப்பஞ்சருகு ஒட்டியிருந்தது. நாளைக்கு ஊரே வந்து பார்க்குமே, எந்த வீட்டில் வளர்கிற பெண் என்று கேட்பார்களே!

சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை. புளி போட்டுத் தேய்த்தேன். பழைய வேட்டித் துணியால் ஈரம் ஒற்றி, எடுத்த வரிசையிலேயே திரும்பவும் அடுக்கினேன். டைல்ஸில் என் முகம் தெரிந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

இலக்கியா வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். ஒரு டைல்ஸை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"ஆயா, என் ஜூலை எங்க?"

"என்னாது?"

"ஜூலை மாசத் தூசி. ஜூன் எங்க? அக்டோபர்ல மழை பெஞ்சு கம்மியா இருந்துச்சே, அது எங்க? எந்த மாசம் எவ்ளோ தூசி விழுதுன்னு காட்டத்தானே ஆயா வருசம் பூரா வெச்சேன்!"

அவள் அழவில்லை. கோபத்திலும் 'நீங்க' போட்டுத்தான் பேசினாள். "நீங்க என் வருசத்தையே கழுவிட்டீங்க ஆயா" என்றாள். 'நீ' என்று ஒரு கத்து கத்தியிருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

தூசிதானே, இந்த ஊரில் அதற்கா பஞ்சம் என்று தேட ஆரம்பித்தேன். அலமாரி மேலே இல்லை. பீரோ அடியில் இல்லை. கட்டில் காலைத் தடவிப் பார்த்தால் கை பளிச்சென்று வருகிறது. எங்கள் வீட்டில் தூசி எங்கே இருக்கும், நான்தானே இருக்கிறேன்!

வேறு வழியில்லாமல், பால் வாங்கக்கூட அடுத்த வீட்டுக் கதவைத் தட்டாத நான், பக்கத்து வீட்டு கோமதியின் கதவைத் தட்டினேன்.

"ஏம்மா கோமதி... வூட்ல கொஞ்சம் தூசி இருக்குதா?"

கோமதி முகம் மாறிவிட்டது. "இன்னா ஆயா கேக்கறீங்க? நான் ரெண்டு வேளையும் தொடச்சிக்கினுதான் இருக்கேன். எவ சொன்னா எங்க வூட்ல தூசின்னு?"

"இல்லம்மா, எனக்கு வேணும்."

"வேணுமா! உங்க வூட்டுத் தூசிய உங்க வூட்லயே தேடுங்க!" என்று கதவைச் சாத்தினாள். (அதற்கப்புறம் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.)

கோடி வீட்டில் தனியாக இருந்த ஒரு சார்தான் சந்தோஷமாக வரவேற்றார். "எவ்வளவு வேணும்? ஃபேன் மேல ரெண்டு தீபாவளித் தூசி இருக்கு" என்று ஸ்டூல் போட்டு ஏறி, ஒரு செய்தித்தாள் நிறையக் கொடுத்தார். வாரி வந்து இலக்கியாவிடம் நீட்டினேன்.

"இது ஃபேன் தூசி ஆயா. ஜூலை இல்ல" என்றாள். "ஏமாத்த மாட்டேன்."

காலையில் அவளே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். டைல்ஸ் எல்லாவற்றிலும் புதிதாக எண்ணெய் தடவி, வகுப்பு ஜன்னலோரம் வைத்தாள். நடுவர்கள் மத்தியானம்தான் வருவார்கள். அதற்குள் கொஞ்சமாவது படியும், அரை நாள் தூசியாவது காட்டலாம். அவள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அன்றைக்கு டியூட்டி. "நீங்க வந்து காவல் இருங்க. யாரையும் தொட விடாதீங்க" என்று என்னை ஒரு குட்டி பெஞ்சில் உட்கார வைத்தாள்.

நன்றாகத்தான் காவல் இருந்தேன். விரலை நீட்டிய பிள்ளைகளை எல்லாம் முறைத்தே விரட்டினேன். வெளியே லாரிகள் போனபோது, 'வா, வா' என்று மனசுக்குள் கூப்பிட்டேன். வாழ்நாளில் முதல் தடவையாகத் தூசி வரணும் என்று சாமி கும்பிட்டேன். சாமியும் கேட்டது. சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் டைல்ஸ் மேல் மெல்லிசாக ஒரு படலம். இலக்கியா லென்ஸ் வைத்துப் பார்த்துக் குதித்தாள். "ஆயா, அரை நாளைக்கே இவ்ளோ! இருங்க, மிஸ்ஸக் கூட்டிக்கிட்டு வரேன்!"

ஓடினாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஆட்கள் நிழல். ஹெட்மிஸ்ட்ரஸ், கண்ணாடி போட்ட ரெண்டு நடுவர்கள், பின்னால் இன்னும் நாலைந்து பேர். எல்லாரும் என்னைப் பார்த்து நேராக வருகிறார்கள். எழுந்து நின்றேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. பெரிய மனுஷர்கள் வீட்டுக்கு வந்தால் நான் எப்போதும் என்ன செய்வேன்?

முந்தானையை எடுத்து, ஒரே இழுப்பில் எல்லா டைல்ஸையும் துடைத்தேன்.

இலக்கியா வாசலிலேயே நின்றுவிட்டாள். நடுவர் அம்மா குனிந்து டைல்ஸைப் பார்த்தார். 'எங்கள் ஊர்த் தூசி' என்ற அட்டையைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

"ஏம்மா துடைச்சீங்க?"

பஸ்ஸில் கண்டக்டருக்குச் சொல்லாமல் விட்ட பதிலை எல்லாம் சேர்த்துச் சொல்லவேண்டிய நேரம். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"தூசியா இருந்துச்சிங்க."

அவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. கடலூர் வேனில் மழைநீர் சேகரிப்பு செய்த ஒரு பையன் போனான். இலக்கியா அந்த கவுனைப் பக்கத்து பிளாக்கில் ஒரு பிறந்தநாளுக்குப் போட்டுக்கொண்டாள். நாலு நாள் மாடிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து, தோசையை எட்டாக வெட்டி, எட்டில் நாலு என் பக்கம் தள்ளினாள்.

இப்போது அவள் ஏழாவது. எங்கள் பிளாக்கில் இந்தக் கதை தெரியாதவர்கள் இல்லை. நான் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும், "ஆயா வராங்க, காலண்டரை எடுத்து உள்ள வை, வருசத்தையே தொடச்சிடுவாங்க" என்கிறார்கள். துடைக்கச் சோம்பல்பட்ட ஜன்னலைக் காட்டி, "அது ஜூலை, தொடாதீங்க" என்கிறாள் கோமதி.

அந்த டைல்ஸில் ஒன்றை இலக்கியா எங்கள் டி.வி. பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறாள். அதில் ஸ்கெட்ச் பேனாவில் 'ஜூலை' என்று எழுதியிருக்கிறது. விருந்தாளி யாராவது, "இது என்ன, வெறும் டைல்ஸ்?" என்று கேட்பார்கள். என் மகன் கதையை ஆரம்பிப்பான். நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். சிரித்து முடித்து அவர்கள் கிளம்பினதும் வெளியே வருவேன்.

வந்து ஜூலையைத் துடைத்து வைப்பேன். என்ன செய்வது, தூசி படிகிறதே.