பால் பாத்திரத்துக்கு அழுத அழுகை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் சுகமாக இருப்பதாகவே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். நான்கு மாதமாக உங்கள் கடிதம் இல்லை; போர்முனையில் தபால்காரருக்கும் ஆயிரம் வேலை இருக்கும் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்துச் சுவர்களில் ஒரு சின்னப் பெண் அழுகிற படம் ஒட்டியிருந்தால், அது உங்கள் மகள், நம் சுண்டெலிதான். பதற வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பிரசார அலுவலகத்திலிருந்து என் ஸ்டுடியோவுக்கு ஆள் வந்து கூப்பிட்டதால் போனேன். நாற்பது வருடமாக ஊரையே உட்கார வைத்துப் படம் எடுத்தவன் நான். அந்த அதிகாரி ஒருநாளும் என்னை உட்காரச் சொன்னதில்லை. எதிரே மூன்று நாற்காலி, மூன்றிலும் கோப்புகள் உட்கார்ந்திருக்கும். நின்றபடியே கேட்டுக்கொண்டேன்: ஒரு குழந்தை, கையில் பொம்மைத் துப்பாக்கி, தலையில் இரும்புத் தொப்பி, முகத்தில் சிரிப்பு. துப்பாக்கி கொடுத்தார்கள். தொப்பி குழந்தை அளவில் இல்லையாம். வேறு குழந்தைக்கு எங்கே அலைவது என்று நம் சுண்டெலியை நிறுத்தி, பால் காய்ச்சும் பாத்திரத்தின் கைப்பிடியைக் கழற்றி, பச்சை வண்ணம் அடித்துத் தலையில் கவிழ்த்தேன். என் மகள் அப்போதே வேண்டாம் என்றாள். அவள் பேச்சை நான் எப்போது கேட்டேன்?

படம் பிரமாதமாக வந்தது. பாத்திரம்தான் வரவில்லை. எண்ணெய் தடவி, சோப்புத் தண்ணீர் ஊற்றி, என் மகள் தலைப்பக்கமும் நான் கால்பக்கமுமாக இழுத்ததில் ஒருவழியாகக் கழன்றது; குழந்தை வீறிட்டு அழுதது. நான் எப்போது காமிராவிடம் போனேன் என்று எனக்கே தெரியாது. ஜன்னல் வெளிச்சம் அந்தக் கண்ணீரில் அவ்வளவு சரியாக விழுந்திருந்தது, விரல் அழுத்திவிட்டது, பழக்கதோஷம். ஃபிலிம் அரசாங்கத்துடையது, சுருளை முழுசாக ஒப்படைக்க வேண்டும் என்றார்கள், ஒப்படைத்துத் தொலைத்தேன்.

முதல் படத்தை ‘அப்பா முன்னே, நான் பின்னே’ என்று அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டினார்கள். அன்றிலிருந்து தெருவில் எந்த வீட்டிலும் பாத்திரம் அடுப்பில் நிற்பதில்லை, எல்லாம் குழந்தைகள் தலையில். சுண்டெலிதான் தளபதி. எதிரியாக இருக்க ஒருவரும் முன்வராததால் பால்காரரைப் பிடித்து மாடிப்படியின் கீழ் அரைமணி நேரம் சிறை வைத்தார்கள். அவரும் பாவம், கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார்.

போன வாரம் இரண்டாவது படம் வந்தது. அந்த அழுகைப் படம். கீழே, ‘என் அப்பா இனி வரமாட்டார். நீங்கள் வாருங்கள்.’ ஆள் சேர்க்கிறார்களாம். எதிர்வீட்டுத் தையல்காரர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். அது பாத்திரம் மாட்டிக்கொண்டதால் வந்த அழுகை என்று விளக்கினேன். துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லியிருக்கிறார். என் மகள் பாத்திரத்தைப் பரண்மேல் எறிந்துவிட்டாள், என்னோடு பேசுவதில்லை. நேற்று சுண்டெலி கேட்டாள், “தாத்தா, அப்பா வரமாட்டாருன்னு செவுத்துல போட்டிருக்காமே?”

“அது நீ பாத்திரத்துக்கு அழுதது, கண்ணு.”

“அது எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாதே. அவரு அதைப் படிச்சிட்டு வராமலே இருந்துட்டா?”

அவள் கேட்பதும் நியாயம்தான், மாப்பிள்ளை. ஆகவே எழுதுகிறேன்: சுவரை நம்ப வேண்டாம். அதை எடுத்தவன் நான், எனக்குத் தெரியும்.

நீண்ட ஆயுளோடு வீடு வந்து, என்னை நேரிலேயே திட்டித் தீர்க்க உங்களை ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், உயிரோடு இருப்பவரை எப்படி ஐயா அப்படிப் போடலாம் என்று கேட்க அந்த அதிகாரியிடம் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்தார். ஒரு நாற்காலியிலிருந்த கோப்புகளைத் தன் கையாலேயே எடுத்துக் கீழே வைத்துவிட்டு, “உக்காருங்க ஐயா” என்றார். நான் உட்காரவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லி வந்துவிட்டேன். உட்கார்ந்தால்தானே அவர் சொல்ல முடியும். வீட்டில் யாருக்கும் இது தெரியாது. கடிதம் கிடைத்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள், மாப்பிள்ளை.