ஸ்டாக்கில் இருபது வருசம்

வெளியாட்களிடம் பேச எனக்கு வராது. திருப்பூர் காதர்பேட்டையில் எங்கள் கடையில் இத்தனை வருடம் உட்கார்ந்தும், யாராவது விலை கேட்டால் விரலைத்தான் காட்டுவேன். (அதையும் முந்தானைக்குள்ளிருந்து காட்டுவேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வது பொய்.) அப்படிப்பட்டவள் ஒரே ஒரு நாள் வாய் நிறையப் பேசினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிவிடுகிறது.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். என் மகள் கவிதா கோயமுத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் மேல்படிப்புக்கு மனுப் போட்டிருந்தாள். படிப்பின் பெயர் இங்கிலீஷில் ஒரு முழம் நீளம். நான் அஞ்சாவதோடு நின்றவள்.

"அப்படின்னா என்ன கண்ணு?"

"ஸ்டாக் மார்க்கெட் எப்படி ஏறும், எப்படி எறங்கும்னு கணக்குப் போட்டுப் பாக்கறதும்மா."

எங்கள் பிழைப்பே ஸ்டாக்தானே. எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் ஆர்டர் போக மிஞ்சிய பனியன், தையல் விட்டது, கழித்துக் கட்டியது எல்லாவற்றையும் மூட்டையாக வாங்கி விற்கிறோம். திருப்பூரில் அதற்குப் பெயர் ஸ்டாக். (அவள் சொன்னதை நாங்கள் ஷேர் என்போம். ஷேர் என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.) நம் தொழிலுக்குக் காலேஜிலேயே பாடம் வந்துவிட்டது என்று பூரித்துப் போனேன்.

நேர்முகத்துக்குப் பெற்றோரில் ஒருவர் கட்டாயம் வர வேண்டுமாம். அன்றைக்குப் பார்த்து வீட்டுக்காரர் சரக்கெடுக்க வீரபாண்டி போக வேண்டியிருந்தது.

"நீ போய்ச் சும்மா உக்காந்துட்டு வா. எடங் கெடைக்கலீன்னா படிப்புப் போதும், அவ கடைக்கு வந்தறட்டும்" என்றார்.

பஸ்ஸில் கோயமுத்தூர் போய்ச் சேரும்வரை கவிதா நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

அறையில் ஒரு சாரும் ஒரு மேடமும். அவளிடம் கேட்டதெல்லாம் இங்கிலீஷ். பதில் மளமளவென்று வந்தது. முடிகிற நேரத்தில் சார் மரியாதைக்காக என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்கம்மா, ஸ்டாக் மார்க்கெட்டைப் பத்தி உங்களுக்குத் தெரியுங்களா?"

வாழ்க்கையில் எனக்குப் பதில் தெரிந்த முதல் கேள்வி அது.

"இருவது வருசமா அதுலதானுங்க இருக்கறோம்."

கவிதா வெடுக்கென்று திரும்பினாள். சார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அட. ப்ளூ சிப் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

"ப்ளூ இருக்குங்க. மொதத் தண்ணியில கொஞ்சம் சாயம் போகும்."

சார் இதை ஏதோ தத்துவம் என்று எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினார். மேடம் கேட்டார்:

"ஷார்ட் போவீங்களா?"

"ஷார்ட்ஸ் நெறையப் போகுமுங்க. பள்ளிக்கூடம் லீவு விட்டா ஒண்ணும் நிக்காது." (ப்ளூ சிப் என்றால் நம்பிக்கையான பெரிய கம்பெனி ஷேர், ஷார்ட் போவது என்றால் விலை இறங்கும் என்று பந்தயம் கட்டுவது என்று கவிதா பிற்பாடுதான் சொன்னாள்.)

"சரீங்க, இப்பக் கையில எந்தக் கம்பெனி ஸ்டாக் இருக்குது?" என்றார் சார்.

இங்கேதான் நான் கெட்டிக்காரத்தனம் காட்டினேன். குரலைத் தாழ்த்தி, "அதச் சொல்லக் கூடாதுங்க. கம்பெனிக்காரங்களுக்குத் தெரிஞ்சாப் பிரச்சனை. லேபிள வெட்டிட்டுத்தான் கை மாத்தறது" என்றேன்.

சார் மேடத்தைப் பார்த்தார். பெரிய மோசடிக்காரியைப் பிடித்துவிட்ட முகம் இரண்டு பேருக்கும். (ரப்பர் செருப்பு, மடியில் தக்காளிச் சோற்றுத் தூக்குப்போசி. ஆளைப் பார்த்தாவது யோசித்திருக்கலாம்.)

"சார்." கவிதாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அம்மா சொல்றது பனியனுங்க சார். மூட்டை மூட்டையா வாங்கி விக்கறோம்."

சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். மேடம் ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டார். என்னால் பிள்ளையின் இடம் போயிற்று என்றே நினைத்தேன். எழுந்து நின்றேன்.

"தப்பு என்னுதுங்க. அவளுக்கு எல்லாந் தெரியும். எம்பேச்சுக்கு அவளுக்கு மார்க்கக் கொறச்சுப் போடாதீங்க சாமி."

"உக்காருங்கம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சார் கவிதாவிடம் திரும்பினார். "அந்த மூட்டையில பத்து பீஸ் பிரிச்சுப் பாக்கறே, ரெண்டுல ஓட்டை. மிச்ச மூட்டையை என்னன்னு நம்புவே? சொல்லும்மா."

அவள் காகிதத்தை இழுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தாள். நாலு வரி எழுதவில்லை, என் வாய் மறுபடியும் திறந்துகொண்டது.

"மேல இருந்து பிரிச்சா நம்பவே கூடாதுங்க. நல்லத மேல வெச்சுத்தான் கட்டுவாங்க. அடியில இருந்து உருவோணும்."

கவிதா என் காலை மிதித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, எழுதியதை அடித்துவிட்டாள்.

"ஆமாங்க சார். மூட்டை பூராவும் கலைச்சு எடுத்த பத்துன்னாத்தான் இந்தக் கணக்குச் செல்லும். விக்கறவங்க எடுத்துக் குடுத்த பத்துன்னா செல்லாது."

சார் சிரிப்பை நிறுத்திவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். பத்தாம் நாள் கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது.

அவள் அப்பாவிடம் முழுக் கதையையும் நடித்தே காட்டினாள். அவர் வாய் சும்மா இருக்குமா? பொழுது சாய்வதற்குள் கடைத்தெருவுக்கே தெரிந்துபோயிற்று.

படித்து முடித்துச் சில வருடம் கழித்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் கவிதாவோடு அதே வகுப்பில் படித்தவர், மும்பையில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று, ஏதாவது கேட்காவிட்டால் மரியாதையாக இருக்காதே என்று பலகாரத் தட்டை நீட்டியபடி, "என்ன வேலைங்க தம்பி?" என்றேன்.

(என் நேர்முகக் கதையைச் சார் முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிவிட்டாராம். எனக்கு எப்படித் தெரியும்?)

பையன் எழுந்து நின்று, வெகு மரியாதையாகச் சொன்னார்:

"ஸ்டாக்குலதானுங்க அத்தை. ஆனா லேபிள் வெட்டறதில்லீங்க."

அடுக்களைக்குள் போனவள், நிச்சயத் தட்டு மாற்றக் கூப்பிட்டபோதுதான் வெளியே வந்தேன்.