செங்கல் நானா கட்டிய கார் ஷெட்

சிங்கப்பூரில் கார் வைத்திருக்கிற எல்லாருக்கும் காரைப் பற்றிக் கவலைதான். நிறுத்த இடம் கிடைக்குமா, காருக்குக் கொடுத்த பத்து வருஷ உரிமம் முடிந்தால் என்ன செய்வது என்று ஆளுக்கொன்று இருக்கும். ஆனால் மழையில் நனைந்தால் காருக்குச் சளி பிடிக்கும் என்று கவலைப்பட்ட ஒரே மனிதர் இந்தத் தீவிலேயே செங்கல் நானாதான். அந்தக் கவலை என் இடுப்பில் வந்து உட்கார்ந்தது. இன்னும் எழுந்து போகவில்லை.

நானா என்றால் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணன். எனக்கு அவர் அண்ணனும் இல்லை, ஒரு உறவும் இல்லை. தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவில் பயணப் பெட்டிக் கடை வைத்திருந்தார். ஊருக்குப் போகிறவர்கள் வாங்குகிற, சக்கரம் வைத்த பெரிய பெட்டிகள். நான் அப்போது டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தேன். பெட்டி வாங்குகிறவன் எப்படியும் விமான நிலையம் போவான் என்று அவர் கடைக்கு எதிரில்தான் வண்டியைப் போட்டுவைப்பேன். அந்த வண்டியில் ஏர்கான் போட்டால் ரேடியோ நின்றுவிடும். ரேடியோ வேண்டுமா காற்று வேண்டுமா என்று ஏறுகிறவரிடம் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். அது வேறு கதை.

கடையை மூடிவிட்டு நானா வீட்டில் உட்கார்ந்தார். செரங்கூன் கார்டன் பக்கம் அவர் அத்தா வாங்கிப் போட்ட மூலை வீடு. வாசலில் இரண்டு கார். ஒன்று அவருடையது. மற்றது அவர் மகன் துபாய்க்கு வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. ஒருநாள் பெரிய மழை. மறுநாள் காலையில் எனக்குப் போன். நான் குடியிருக்கிற மார்சிலிங்கிலிருந்து ரயில் மாறி, பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். நானா காரின் முன்மூடியில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

"கேட்டியா வேலு? இருமுது."

"நானா, அது பேட்டரி."

"பேட்டரி இருமுமா?"

"மழைத்தண்ணி படாம மேல தகரம் போட்டாப் போதும் நானா."

"தகரம் கோழிக்கு. கார் என்ன கோழியா? செங்கல்ல கட்டணும்லா."

பேப்பர் வேலையை எல்லாம் ஒரு இன்ஜினியரை வைத்து ஒழுங்காக முடித்தார். தூணும் மேல்தளமும் ஒரு கம்பெனி வந்து போட்டுவிட்டுப் போனது. சுவரைப் பற்றிக் கேட்டபோதுதான் நானா நெஞ்சை நிமிர்த்தினார். சுவரை அவரே கட்டுவாராம். சொந்தக் காருக்கு அடுத்தவன் கட்டுகிற சுவர் நிற்காதாம். செங்கல் லாரி வந்து ஜமீலா ராத்தாவின் கறிவேப்பிலைச் செடிமேல் கொட்டிவிட்டுப் போனது. ராத்தா அவர் மனைவி. வாசலில் நின்று குவியலையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கடைய மூடினப்பவே சேத்து வாயையும் மூடியிருக்கலாம், இவங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சுவர் கட்டத் தெரியாதவர் சுவர் கட்டினால் என்ன செய்வார்? தெரிந்தவர்களைக் கேட்பார். தெரிந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போனால் தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்த பிள்ளைகள் நிற்க இடமில்லாமல் நிற்பார்கள். நானா அங்கே காரை ஓரம்கட்டுவார்.

"தம்பி, சாப்பிட்டாச்சா?"

"இன்னும் இல்லண்ணே."

"சுவரு பத்தித் தெரியுமா?"

பின்சீட்டில் பிரியாணி வாசம் வந்துகொண்டிருக்கும். அந்த வாசத்தில் சுவரைப் பற்றித் தெரியாது என்று எந்த மனிதன் சொல்வான்? ஏறிக்கொள்வார்கள். இரண்டு நடையில் ஆறு பேரைக் கொண்டுவந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார். ஆளுக்கொரு தட்டு. அப்புறம் எழுந்து நின்று சட்டம் சொல்லுவார்.

"வாய் மட்டும்தான். கை படக்கூடாது. ஒரு செங்கலத் தொடக்கூடாது, கரண்டியத் தொடக்கூடாது, மணல மிதிக்கக்கூடாது. தின்னுட்டே சொல்லுங்க."

இதில் அவர் சொன்னது சரிதான். வேலை அனுமதியில் வந்தவர்கள் தங்கள் முதலாளியைத் தவிர வேறு யாருக்கும் வேலை செய்யக்கூடாது. சும்மா உதவி என்றாலும் பார்க்கிறவர்களுக்கு வேலைதான். பிடிபட்டால் அனுமதி போய்விடும், ஆளும் ஊருக்குப் போய்விடுவான். அங்கே கடன் வாங்கி அனுப்பிவைத்த குடும்பம் காத்துக்கொண்டிருக்கும். அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அப்புறம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சிமெண்டு மூட்டை தூக்கிப் பழகிய ஆறு இளவட்டங்கள் நாற்காலியில் சாய்ந்து கோழிக்கால் கடிக்கிறார்கள். எழுபது தாண்டிய இரண்டு கிழவர்கள் வெயிலில் கலவை குழைக்கிறார்கள்.

"என்னை மட்டும் ஏன் நானா?"

"நீ சிட்டிசன்டா. நீ தொடலாம்."

நான் குடியுரிமை வாங்கியதற்காக வருத்தப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு காலத்தில்தான்.

ஆலோசனையாவது ஒன்றாக இருந்ததா? ஒருவர் கலவையைப் பார்த்துவிட்டு, "தண்ணியா இருக்கு நானா. சாம்பாரு பதம். கூட்டுப் பதத்துக்கு வரணும்" என்பார். இன்னொருவர், "மூலைல பிடிப்பில்ல. ஒரு வெல்டு அடிச்சா நிக்கும்" என்பார். செங்கலில் எங்கே வெல்டு அடிப்பது என்று நான் கேட்டால் நானா என்னை முறைப்பார். "மேல போகப் போகத் தானா நேராயிடும்" என்று ஒருவர். "கோணல் தெரியாது நானா, பெயிண்டு அடிச்சா மறைஞ்சிடும்" என்று ஒருவர். அடுத்த வாரம் வேறு ஆட்கள் வருவார்கள். போன வாரம் வந்தவர்கள் சொன்னது தப்பு என்பார்கள். நானா மேல்வரிசையைப் பிரிக்கச் சொல்லுவார். பிரிக்கிறது யார்? சிட்டிசன். அப்படியே சுவர் வளர்ந்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பக்கம் சாய்ந்து, அடுத்த ஞாயிறு மறுபக்கம் சாய்ந்து, தெருவிலிருந்து பார்த்தால் தண்ணீருக்குள் தெரிகிற சுவர்போல நெளிந்துகொண்டு நிற்கும்.

"இனிமே வரமாட்டேன்" என்று எல்லா ஞாயிறும் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அடுத்த ஞாயிறு ரயிலில் இருப்பேன்.

ஒரு ஞாயிறு செல்வம் என்று புதுக்கோட்டைப் பிள்ளை ஒருவன் வந்தான். ஊரிலிருந்து வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. மற்ற ஐந்து பேரும் பேசிக்கொண்டே இருக்க இவன் மட்டும் வாயே திறக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒரு செங்கலை வைத்துத் தட்டினேன். அவன் முகம் வலி வந்ததுபோலச் சுருங்கியது. இன்னொன்று வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டான். மூன்றாவதை வைத்ததும் எழுந்தே விட்டான்.

"ஐயா, நூலு கட்டாம வைக்கிறீங்களே" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டிக்கொண்டு வந்தான்.

நானா அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பிரியாணிக் கரண்டியால் அந்தக் கையில் ஒரு போடு போட்டார். பையன் திகைத்து நின்றான்.

"உக்காருடா. வாய் மட்டும்னு சொன்னேனா இல்லியா?"

"பாத்துட்டுச் சும்மா இருக்க முடியலண்ணே."

"முடியலன்னா கண்ண மூடிட்டுத் தின்னு" என்று இன்னொரு கரண்டி சோற்றை அவன் தட்டில் கொட்டி, தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. வரிசை நேராக வர அவன் ஒரு நூல் கட்டினால் குடி முழுகிவிடுமா என்று சத்தமாகவே சொன்னேன்.

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வேலை அனுமதியைச் சோதிக்கிற அதிகாரிகள் இரண்டு பேர் இறங்கினார்கள். சீனர் ஒருவர், நம் தமிழ்ப்பெண் ஒருத்தி. யாரோ போன் போட்டிருக்கிறார்கள். போட்டவரைக் குறை சொல்ல முடியாது. தெருவிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரிவது என்ன? செங்கல், மணல், கலவை, சுற்றி ஆறு வெளியூர்ப் பிள்ளைகள். அவர்கள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அங்கிள், இவங்கள வேலைக்கு வச்சிருக்கீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

நானா பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "கையக் காட்டுங்கப்பா."

ஆறு கை நீண்டது. ஆறிலும் நெய், மஞ்சள் சோறு. ஒரு கையில் எலும்பு. நானா தன் கையை நீட்டினார். என் கையையும் பிடித்து இழுத்து நீட்டினார். நகக்கண் வரைக்கும் சிமெண்டு.

அந்தப் பெண் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவரவர் அனுமதி அட்டையை வாங்கி என்ன வேலை என்று கேட்டாள். கப்பல் பட்டறை வெல்டர் என்றார் ஒருவர். அடுத்தவர் கப்பலுக்குப் பெயிண்டு அடிக்கிறவர். ஒருவர் தங்கும் விடுதியில் சமையல், ஒருவர் லிப்ட் ரிப்பேர், இன்னொருவர் புல் வெட்டுகிறவர். ஒவ்வொரு பதிலுக்கும் நானாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இத்தனை ஞாயிறாக அவர் வேலையைக் கேட்டதே இல்லை.

"நீங்க?"

"கொத்தனாருங்க" என்றான் செல்வம்.

அவள் அவன் கையை இன்னொருமுறை பார்த்தாள். சோறுதான் இருந்தது. அப்புறம் சுவர்ப்பக்கம் போய் ஒரு முனையில் நின்று, ஒரு கண்ணை மூடி, அதன் நீளத்துக்கும் பார்த்தாள். சீனரும் பக்கத்தில் போய்ப் பார்த்தார். இரண்டு பேரும் ஏதோ இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். சீனர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

"ஓகே அங்கிள். வேலை தெரிஞ்சவங்க யாரும் இதத் தொடலைன்னு சுவரே சொல்லுது."

அவர்கள் போனபின் ராத்தா எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தார். நான்தான் ஆரம்பித்தேன். இவ்வளவு பயம் இருக்கிறவர் எதற்கு இவர்களைக் கூட்டிவர வேண்டும், ஒரு காண்ட்ராக்டரைக் கூப்பிட்டால் என்ன, என் இடுப்பு என்ன பாவம் செய்தது என்று வரிசையாகக் கேட்டேன். நானா தேத்தண்ணியை ஊதிக்கொண்டே இருந்தார்.

"கடைல ரெண்டு மாதிரி ஆளு பெட்டி வாங்க வருவான் வேலு. லீவுக்குப் போறவன் ஒரு மணி நேரம் பாப்பான். சக்கரத்த உருட்டுவான், கலரு மாத்துவான், பேரம் பேசுவான். அனுமதி போயி ஊருக்குத் திருப்பி அனுப்பப்படறவன் இருக்கானே, எதையும் பாக்கமாட்டான். முன்னால இருக்கறத எடுத்துட்டுப் போயிடுவான். சில பேரு பெட்டிக்குள்ள வைக்க ஒண்ணுமில்லாமப் போவான். அத நானே விக்கணும்."

அந்தப் பெட்டிகளில் பாதியை என் டாக்ஸியில்தான் ஏற்றியிருக்கிறேன். எனக்குச் சவாரி என்று மட்டும்தான் தெரிந்தது.

சுவர் முடிந்துவிட்டது. இன்னும் நெளிந்துகொண்டுதான் நிற்கிறது, விழவில்லை. முடிந்த பிறகாவது என்னை விட்டாரா? இல்லை. ஞாயிறு என்றால் தேக்கா, பிரியாணி, ஆறு பேர். இப்போது ஆலோசனை வாசலில் ஓடு பதிக்கப்போகிற நடைபாதை பற்றி. செல்வம் மாதம் ஒருமுறை வருவான். சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான்.

போன ஞாயிறு நல்ல மழை. நான் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். ஷெட்டுக்குள் பாய் விரித்துப் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானா நடுவில் கரண்டியோடு நின்றார். இரண்டு காரையும் தேடினேன். வெளியே, வேலி ஓரத்தில், மழையில் நின்றன.

"நானா, சளி பிடிக்கும்" என்றேன்.

"பிடிச்சாப் பிடிக்கட்டும்லா" என்றார். "நீ தலையத் தொடைச்சிட்டு உக்காரு."