முப்பத்தாறு என்ற எண்

"செக்கப் ரிசல்ட் வந்துடுச்சு, லிசியாதே. உன் பிஎம்ஐ முப்பத்தாறு. மாசக் கடைசி சனிக்கிழமை சபை மண்டபத்துக்கு வந்துடு. என்ன விஷயம்னா..." என்று நர்ஸ் ஓஃபா சொல்லும்போதே போன் கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட அவனுக்குத் தைரியம் வரவில்லை.

வவாவு தீவின் துறைமுகத்தில் மூட்டை இறக்குபவன் லிசியாதே. ஊர் ரக்பி அணியில் முன்வரிசை. அவனை அசைக்கப் புயல்தான் வரவேண்டும்.

"எடையையும் உயரத்தையும் வெச்சுப் போடற கணக்கு அது," என்றாள் மனைவி லூசியானே. "முப்பதைத் தாண்டினா குண்டு ஆசாமியாம்."

"அதுக்கு மண்டபத்துக்கு எதுக்குக் கூப்பிடறா?"

"நல்ல சேதியா இருந்தா பட்டுனு போன்லயே சொல்லியிருப்பாளே!"

லிசியாதே மார்பைத் தட்டினான். "எண்ணுதானே? இறக்கிக் காட்டறேன் பாரு!"

விடியற்காலையில் சேப்பங்கிழங்கு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறி ஓடினான். இரண்டு வாரத்தில் தொடை கல்லாய் இறுகியது. எடை ஒரு கிலோ கூடியது.

"சரி, வாயைக் கட்டறேன்."

ஞாயிற்றுக்கிழமை சபை விருந்துக்காக மண்ணுக்குள் புதைத்த அடுப்பைத் திறந்தபோது, வெந்த பன்றிக்கறியை வேண்டாம் என்று தள்ளினான். மண்டபமே திரும்பிப் பார்த்தது. மாலை ஆராதனையில் போதகர் அவன் பெயரைச் சொல்லி ஜெபம் செய்தார். அவ்வளவுதான், ஊர் முடிவு கட்டிவிட்டது.

மறுநாளே அத்தை சீனி அழுதுகொண்டு வந்தாள். பின்னாலேயே சுட்ட முழுப் பன்றிக்குட்டி, தேங்காய்ப்பாலில் வெந்த கீரைப் பொட்டலம், வள்ளிக்கிழங்கு.

"போறதுக்கு முன்னாடி வயிறார ஒரு வாய் சாப்பிடுடா, கண்ணு!"

"அத்தை, எனக்கு ஒண்ணும் இல்ல..."

"அத்தைக்கே எதிர்ப்பேச்சா?"

அப்பாவின் அக்காள் சொல்லை மீற அந்தத் தீவில் யாருக்கும் துணிவு கிடையாது. சாப்பிட்டான். அடுத்த நாள் பெரியம்மா வீட்டுச் சட்டி வந்தது, அதற்கடுத்த நாள் அணிக்காரர்களின் சட்டி.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் எடை மெஷின். லிசியாதே தூக்குமேடை ஏறுகிறவனாய் ஏறி நின்றான்.

"பிஎம்ஐ முப்பத்தேழு!" என்று மைக்கில் கூவினாள் ஓஃபா.

முன்வரிசையில் அத்தை விசும்பினாள். லிசியாதே குரலைத் தாழ்த்திக் கேட்டான். "மறைக்காம சொல்லு ஓஃபா. எனக்கு இன்னும் எத்தனை நாள்?"

"நாளா? உன் பிரஷர், சுகர், இடுப்பளவு மாதிரி கச்சிதமா இந்த ஊர்ல யாருக்குமே இல்லையேப்பா! கொழுப்பு எது, சதை எதுன்னு இந்த எண்ணுக்குத் தெரியாதுன்னு ஜனங்களுக்குக் காட்டத்தானே உன்னைக் கூப்பிட்டேன்!"